பதினேழு வரிகள்

தெய்வநாயகத்துக்கு வயது நாற்பத்தொன்பது. அவருக்கு வாய்த்த குரு பூங்கோதைக்கு முப்பத்திரண்டு. மில் மோட்டார்களோடு இருபது வருஷம் மல்லுக்கட்டிய மனிதர், கெர்னல் வேலை கற்றுக்கொள்ள அந்தக் கோயமுத்தூர் கம்பெனிக்கு வந்து சேர்ந்திருந்தார். கெர்னல் என்றால், மெஷினுக்குள் மற்ற எல்லாப் புரோகிராம்களுக்கும் அடியில் இருந்துகொண்டு வேலை வாங்கும் மென்பொருள்.

அவர் கையில் இருந்தது, பச்சைக் குழந்தைகளுக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்ப். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று உறைந்து நிற்கும். நின்றால் பார்க்கச் சகிக்காமல் உடனே சுவிட்சை அணைத்து மறுபடி போட்டுவிடுவார்.

எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க, "இங்கே வந்தேன்", "இதை முடித்தேன்" என்று கெர்னலே திரையில் எழுதிக்கொண்டு போகும்படி பதினேழு வரிகள் சேர்த்தார். பம்ப் நிற்கவே இல்லை. வரிகளை எடுத்தார், நின்றது. சேர்த்தார், ஓடியது. ஆறு நாளாக இதே கூத்து. பேய் பிடித்திருப்பது மெஷினுக்கா தனக்கா என்றே அவருக்குப் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து பம்புகள் ஒரு குழந்தைகள் வார்டுக்குப் போகவேண்டும். சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடவேண்டியவர் அவர்தான். வியாழன் காலை பூங்கோதையின் மேஜை முன்னால் போய் நின்றார்.

"மேடம், அந்தப் பதினேழு வரியோடயே அனுப்பிடலாங்களா? அம்பது மணி நேரம் நிக்காம ஓடியிருக்குங்க."

"ஏன் ஓடுதுங்க சார்?"

"அதுதானுங்க தெரியல."

பூங்கோதை டெஸ்டிங் பிரிவு அல்போன்ஸைக் கூப்பிட்டார். அறைக்கு ஒரே வாசல். இரண்டு பக்கமும் அட்டைப்பெட்டி அடுக்கியிருந்ததால் ஓராள் நுழையத்தான் இடம்.

"சார், நீங்க இங்கிருந்து வெளிய போங்க. அல்போன்ஸ், நீங்க வெளிய இருக்கற டீ மெஷின்கிட்ட இருந்து உள்ள வாங்க. ரெண்டு பேரும் தலை நிமிரக் கூடாது. கால் கட்டைவிரலைப் பார்த்தே நடக்கணும்."

நடந்தார்கள். வாசலில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இருவரும் நின்றார்கள்.

"பம்புக்குள்ளயும் ரெண்டு வேலை இப்படி ஒரே நேரத்துல ஒரே இடத்துக்கு வந்து முட்டிக்கலாமுங்க. இப்ப மறுபடி முதல்ல இருந்து நடங்க. சார், நீங்க மட்டும் ஒவ்வொரு அடிக்கும் 'வலது வெச்சேன், இடது வெச்சேன்'னு சொல்லிட்டே போங்க."

சொல்லிக்கொண்டே போனதில் நடை தளர்ந்தது. அவர் பாதி வழி போவதற்குள் அல்போன்ஸ் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

தெய்வநாயகத்துக்கு முகமெல்லாம் பல். "பார்த்தீங்களா மேடம், இடிக்கவே இல்லை! வரி இருந்தா பம்பும் இப்படித்தானுங்க!"

"இன்னொரு தடவை. அதே மாதிரி சொல்லிட்டே போங்க." பூங்கோதை ஒரு டம்ளர் நிறைய டீ பிடித்து அல்போன்ஸ் கையில் கொடுத்தார். "நீங்க சிந்தாம கொண்டு வாங்க."

அல்போன்ஸ் டம்ளரைப் பார்த்தபடி அன்னநடை போட்டார். தெய்வநாயகம் வலது இடது என்று ஓதிக்கொண்டே போனார். வாசலில் மோதினார்கள். டீ முழுக்க தெய்வநாயகத்தின் வெள்ளைச் சட்டையில்.

"அல்போன்ஸ் மெதுவா வந்துட்டாருங்க மேடம்!"

"வார்டுலயும் ஒரு நாளைக்கு மெதுவா வருவாருங்க."

தெய்வநாயகத்தின் சட்டையிலிருந்து டீ சொட்டிக்கொண்டிருந்தது.

"கையெழுத்துப் போட மாட்டேனுங்க" என்றார். பிறகு பொறுக்கமாட்டாமல் கேட்டார். "ஆனா வரியை எடுத்துட்டா நான் எதை வெச்சுங்க பார்க்கறது? நின்னுட்டா ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்குதே. கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்குதுங்க."

"அல்போன்ஸ் டம்ளரை எந்தப் பக்கம் பிடிச்சிருந்தாரு?"

தெய்வநாயகம் சட்டையைக் குனிந்து பார்த்தார். இடது பையின் மேல் கறை விரிந்திருந்தது. "என் இடது பக்கமுங்க. அப்படின்னா அவரோட வலது கையில."

"தலை நிமிராமத்தானே நடந்தீங்க. உங்களுக்கு யார் சொன்னாங்க?"

அவர் மறுபடியும் சட்டையைப் பார்த்தார். பூங்கோதை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்ன ஒயரை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். நின்றுபோன மெஷினின் நினைவகத்தை, நின்றது நின்றபடி நகலெடுக்கிற ஒயர் அது. ஆறு நாளாக அவருக்கு இரண்டடி தூரத்தில்தான் கிடந்திருக்கிறது.

"பம்ப் நின்னதும் இத்தனை நாளும் என்ன பண்ணுனீங்க?"

"உடனே அணைச்சுப் போட்டேனுங்க. அணைச்சா நினைவகத்துல இருக்கறது எல்லாம் அழிஞ்சு..." பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"சட்டையை உடனுக்குடனே துவைச்சுப் போட்டுட்டு, கறை எங்கேன்னு தேடியிருக்கீங்க சார்."