பல் படாத மரப்பாச்சி

தவமணி அம்மாவின் மடத்தில் சீடர்களிலேயே வயது மூத்தவர் ஏகாம்பரம். அம்மாவைவிடவும் மூத்தவர். ஞானம் தேடி வந்ததாகச் சொல்லிக்கொள்வார். மனைவி போனபின் வீட்டில் பேச ஆளில்லாமல் வந்தவர் என்பது மடத்துப் பசுவுக்குக்கூடத் தெரியும்.

மகள் வீட்டுக்குப் போயிருந்தவர் திரும்பி வந்ததும் வராததுமாக, பையிலிருந்து ஒரு பட்டுத்துணியை எடுத்து அம்மாவின் முன்னால் பிரித்து வைத்தார். ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி மரப்பாச்சி. செம்மரத்தில் செய்தவை. நேற்றுதான் செதுக்கியதுபோல மூக்கும் முழியுமாக இருந்தன.

"எம்பொண்ணு அரசி பொறந்தப்ப திருப்பதியில வாங்கினது. பேத்தி விளையாடட்டும்னு கொண்டுபோனேன். வேணாம்ப்பான்னு கையிலயே திருப்பிக் குடுத்துட்டா."

"ஏன்னு கேட்டீங்களா?"

"கேக்கலை. நீங்கதான் சொல்லணும். ஒரு கீறல் விழாம இத்தனை வருஷம் காப்பாத்தினேனே, அதுக்கு இதுதானா மரியாதை?"

கோபமாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது பட்டுத்துணியின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

அம்மா ஆண் பொம்மையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை எதுக்குச் செம்மரத்துல செய்யறாங்க?"

"பூச்சி அரிக்காது. தலைமுறைக்கும் நிக்கும்."

"குழந்தை வாயில வெச்சுக் கடிக்கும். கடிச்சாலும் உடம்புக்குக் கெடுதல் வரக்கூடாதுன்னு மரத்தைப் பாத்து எடுத்திருக்காங்க. இதுல ஒரு பல்தடம்கூட இல்லையே."

"பீரோவுல பூட்டி வெச்சிருந்ததும்மா. கொலுவுக்கு மட்டும் வெளியே எடுப்போம். மேல்படியில நிக்கும், திரும்ப உள்ளே போயிடும்."

"இதுக்குப் பேர் என்ன?"

"பொம்மைக்கு ஏதும்மா பேரு?"

"அரசி வெச்சிருப்பா. கேட்டுட்டு வாங்க."

ஏகாம்பரத்துக்குச் சுள்ளென்று வந்தது. ஆத்மாவைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் மாட்டுக்கொட்டகையைக் கூட்டச் சொன்னவர், இப்போது பொம்மைக்குப் பேர் கேட்டுவரச் சொல்கிறார். ஆனாலும் குரு வாக்கு. அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்.

மறுநாள் சாயங்காலம் வந்தவர், மடத்துக்குள் நுழையாமல் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா அந்த ஆண் பொம்மையோடு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பேர் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

பேரைச் சொல்லாமல் எங்கேயோ ஆரம்பித்தார்.

"ஒரு கொலு சமயம். வேலை முடிஞ்சு வீட்டுக்குள்ள நுழையறேன், அரசி இந்த ஆம்பளைப் பொம்மையைக் குண்டான் தண்ணியில முக்கிக்கிட்டிருந்தா. சின்னப் பொண்ணு. சாயம் போயிடும்டின்னு பிடுங்கினேன். விடலை. அடிச்சுட்டேன்."

அடியாத மாடு பணியாது என்று அந்நாளில் பெருமையாகச் சொல்லித் திரிந்தவர்தான்.

"அதுக்கப்புறம் அவ பொம்மையையே தொடலை. பொண்ணு சொன்ன பேச்சு கேக்கறான்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டேன்."

"பேரைச் சொல்லுங்க ஐயா."

அவர் பொம்மையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்பா. அப்பான்னு பேர் வெச்சிருக்கா. அப்பா வெயில்ல அலைஞ்சுட்டு வருவாரு, வந்ததும் குளிக்கட்டும்னு ஊத்தினாளாம். இதைக் கோவமா சொல்லலைம்மா. சிரிச்சுக்கிட்டே சொன்னா. அதான் தாங்கலை."

அம்மா உள்ளே போய் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

ஏகாம்பரம் பொம்மையை அதில் இறக்கினார். தலையில் கொஞ்சம் ஊற்றினார். தோளைத் தேய்த்தார், முதுகைத் தேய்த்தார். பிள்ளையைக் குளிப்பாட்டிப் பழக்கமில்லாத கை தடுமாறியது. அரசியை ஒருநாள்கூடத் தான் குளிப்பாட்டியதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

தண்ணீர் மெல்லச் சிவக்க ஆரம்பித்தது.

பழக்கம் யாரை விட்டது? பதறிப்போய்ப் பொம்மையை வெளியே தூக்கினார்.

"அம்மா, சாயம் போகுது."

"போகட்டும் ஐயா. அன்னைக்கே போயிருக்கணும்."