ஏழா, பன்னிரண்டா

“உங்க மேசையில எவனோ ஒருத்தன் கண்ணை அடகு வச்சுட்டு உட்கார்ந்திருக்கான்,” என்றேன். “எங்க பையன் கொடுத்த பாஸைத் தூக்கி இன்னொருத்தன் கணக்குல எழுதியிருக்கான். அவன் யாருன்னு எனக்குத் தெரியணும்.”

ரோசாலி நாற்காலியைக் காட்டினாள்.

நான் உட்காரவில்லை.

ஸ்பெயினின் வடக்கே ஒரு ஊர். அங்கே ஒரு கூடைப்பந்து அணி. எங்கள் தூத்துக்குடிப் பையன் ஜெபஸ்டினை அதில் சேர்த்துவிட்டவன் நான். மீன் ஏலத்தில் கத்திப் பழகிய தொண்டை என்னுடையது. வீரர்களுக்காகப் பேரம் பேசவும் அதுவே போதுமாயிருந்தது.

அடுத்த வருடத்துக்கு அணியில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம். ஜெபஸ்டினுக்கா, உனாய் என்கிற உள்ளூர்ப் பையனுக்கா என்று அந்த வாரம் முடிவாக வேண்டும். புள்ளித்தாளில் இரண்டு பேரும் எல்லாவற்றிலும் சமம். அசிஸ்டில் மட்டும், அதாவது கூடை விழுவதற்கு முந்தின பாஸில், உனாய்க்கு ஒன்று கூடுதல்.

அந்தத் தாளைத் தயாரிக்கிறவள் ரோசாலி. காரைக்கால் குடும்பம், ஸ்பெயினில் வளர்ந்தவள். என்னைவிட இருபது வயது சின்னவள். புள்ளி எழுதப் பழக வருகிறவர்கள் அவளிடம்தான் வருவார்கள்.

“நீங்க பார்த்தீங்களா, அண்ணே?”

“மூணாவது வரிசையில இருந்து. இந்த ரெண்டு கண்ணால.”

“அப்ப நீங்க சொல்லுங்க. நான் தட்டுறேன்.”

புள்ளிமேசையில் வேலை அப்படித்தான் நடக்கும். ஒருவர் ஆட்டத்தை மட்டும் பார்த்து வாயால் சொல்வார். மற்றவர் கேட்டதைக் கணினியில் தட்டுவார், நிமிரவே கூடாது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியைத் திரையில் ஓடவிட்டாள். திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

“சட்டை எண்ணைச் சொல்லுங்க. என்ன செஞ்சான்னு சொல்லுங்க. வேற பேச்சு வேணாம்.”

ஜெபஸ்டின் பன்னிரண்டு. உனாய் ஏழு.

“பன்னிரண்டு, ரீபவுண்ட். பன்னிரண்டு, ரெண்டு புள்ளி. பன்னிரண்டு, அசிஸ்ட். பன்னிரண்டு, பந்தைப் பறிச்சான். என்னமா பறிச்சான் பாரு.”

“பார்க்க மாட்டேன், அண்ணே.”

கால்பகுதி முடிந்தது. தாள் வெளியே வந்தது. அவள் படித்தாள்.

“பன்னிரண்டுக்கு அசிஸ்ட் மூணு.”

“ஆமா.”

“கூடை போட்டது யாரு?”

தாளை என் பக்கம் திருப்பினாள்.

“அணியில வேற யாருக்கும் ஒரு புள்ளிகூட இல்ல. பையன் யாருக்குப் பாஸ் கொடுத்தான்? சுவத்துக்கா?”

இப்போது உட்கார்ந்தேன்.

“திரும்பப் போடு,” என்றேன்.

இந்தத் தடவை எல்லாரையும் சொன்னேன். ஐந்து பேரைப் பார்ப்பது அத்தனை லேசில்லை.

“நாலு, மூணு புள்ளி. பதினொண்ணு, ஃபவுல். பன்னிரண்டு, பந்தை விட்டுட்டான்.”

கடைசியதைச் சொல்ல நாக்கு வரவில்லை. சொல்லிவிட்டேன்.

இரண்டு நிமிடம் மிச்சமிருக்கும்போது நான் சண்டைக்கு வந்த அந்தப் பந்து வந்தது. ஜெபஸ்டின் கையில் இருந்தது. உனாயிடம் தள்ளினான். உனாய் ஒரு அடி வைத்து நின்றான். எதிராளிகள் இரண்டு பேர் அவன்மேல் பாயும்வரை காத்திருந்தான். பிறகு அவர்கள் நடுவே பந்தை உள்ளே நழுவ விட்டான். நான்காம் எண் அதை வாங்கிக் கூடையில் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் மூன்றாவது வரிசையில் நான் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தேன். இதைப் பார்த்திருக்கவே இல்லை.

“நாலு, ரெண்டு புள்ளி,” என்றேன்.

“அசிஸ்ட்?”

அவள் விரல்கள் காத்திருந்தன.

“ஏழா, பன்னிரண்டா, அண்ணே?”

ஏலத்தில் ஒரு நொடி தயங்கினால் மீன்கூடை அடுத்தவன் கைக்குப் போய்விடும். எனக்குத் தயங்கிப் பழக்கமில்லை.

“பன்னிரண்டு.”

தட்டினாள். திரும்பவில்லை.

புதுத் தாளை என்னிடம் நீட்டினாள்.

“சரியா இருக்கா?”

“சரியா இருக்கு.”

“கீழ பயிற்சி நடக்குது. அறிவிப்புப் பலகையில இருக்குற பழைய தாளை எடுத்துட்டு இதை ஒட்டிடுங்க. உங்க கையாலயே. மேனேஜர் சாயங்காலம் அதைத்தான் எடுத்துட்டுப் போவாரு.”

வாசல்வரை போனேன். சும்மா போயிருக்கலாம். கேட்டுத் தொலைத்தேன்.

“ஞாயித்துக்கிழமை மேசையில பார்த்துச் சொன்னது யாரு?”

“நான்தான்,” என்றாள்.

படிக்கட்டில் கொஞ்ச நேரம் நின்றேன்.

பிறகு இறங்கிப் போய் ஒட்டினேன்.

தண்ணீர் குடிக்க வந்த பையன்களில் உனாய்தான் முதலில் பார்த்தான். விரலை வைத்துக்கொண்டே ஏழாம் எண் வரிக்கு வந்தான். விரல் நின்றது. மறுபடி மேலிருந்து வந்தான். மறுபடி நின்றது.

என்னைப் பார்த்துத் தலையசைத்தான். எப்போதும் தலையசைக்கிற பையன். பெஞ்சில் போய் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டத் தொடங்கினான். லேஸ் ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

ஜெபஸ்டின் கழுத்தில் துண்டோடு வந்தான். படித்தான்.

“அண்ணாச்சி, இது என் பாஸ் இல்ல.”

“இருந்துட்டுப் போகட்டும்டே,” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

“நான் சும்மா தள்ளிவிட்டேன். ரெண்டு பேரையும் தன்மேல இழுத்துக்கிட்டுக் கொடுத்தது உனாய். அவன் வீட்டுலயும் இந்தத் தாளைப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்காங்க.”

“யாரோ தப்பாச் சொல்லியிருப்பாங்க.”

“இதுல தப்பாச் சொல்ல என்ன இருக்கு?”

தாளைப் பிய்த்தான். மடித்து என் கையில் வைத்தான்.

“எவன் சொன்னான்னு எனக்குத் தெரியாண்டாம் அண்ணாச்சி. சொன்னவன் முதல்ல, அந்தா உட்கார்ந்திருக்கான்லா உனாய், அவன் முன்னால வந்து நிக்கட்டும். அப்புறம் மேல ஏறிப் போயி, அதே வாயால ஏழுன்னு சொல்லட்டும். சாயங்காலத்துக்குள்ள.”