பீடிக்கடை நடத்திய வைத்தியசாலை

மந்தாரக் காட்டுப் பல்கலைக்கழகத்தில் தேனப்பன் என்றொரு கரடி பேராசிரியராக இருந்தது. தேன் எடுப்பதுதான் அது நடத்தும் பாடம். வாயில் எப்போதும் பீடி! பாதி மரம் ஏறுவதற்குள் இருமல் பிடித்துக்கொள்ளும்.

ஒருநாள் இருமிய இருமலில் பிடி நழுவி, விழுந்து சாக இருந்தது. பயந்துபோன கரடி பதிவாளர் நரியிடம் ஓடியது.

"பீடியை விட வைக்க நம்ம பல்கலைக்கழகத்துல ஒரு வைத்தியசாலை வேணும்!"

"மாசம் பத்துப் பானை தேன் செலவாகுமே, சார்!" என்று நரி தலையைச் சொறிந்தது. யோசனை உதித்தது. "வாசல்ல ஒரு பீடிக்கடை வைக்க விடுவோம். விக்கிறதுல பாதி நமக்கு. அதுல வைத்தியசாலை நடக்கட்டும்!"

ஆட்சிக்குழு கைதட்டி ஒப்புக்கொண்டது. படித்தவர்கள் கூடினால் கேட்கவா வேண்டும்?

மருத்துவர் நாரை கெட்டிக்காரப் பறவை. கஷாயம் கொடுத்தது, மூச்சுப் பயிற்சி சொல்லித் தந்தது, பீடிக்குப் பதிலாக அதிமதுரக் குச்சியை வாயில் வைத்தது. முயல் விட்டது. குரங்கு விட்டது. மான் கூட்டமே விட்டது. கடைக்காரக் கழுதை ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. தேனப்பனும் நாளுக்கு ஒரு பீடி என்று குறைத்துவிட்டு, முதல் முறையாக உச்சிக்கிளை வரை ஏறியது. சந்தோஷத்தில் அதற்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் நரி மூச்சிரைக்க வந்தது. "சார், வயித்துல அடிக்காதீங்க! கடையில வியாபாரமே இல்லை. நீங்களும் விட்டுட்டா வைத்தியசாலையை இழுத்து மூட வேண்டியதுதான்!"

"மூடுங்களேன். எல்லாரும்தான் விட்டாச்சே!"

"அடுத்த வருஷம் புதுசா வர்ற பிள்ளைங்க பீடி பிடிச்சா, யாரு காப்பாத்துறது?"

கரடி வாயிலிருந்த அதிமதுரக் குச்சியைக் கையில் எடுத்தது.

"தினம் நாலு கட்டு பிடிச்சாப் போதும், சார்!"

"என் இருமலுக்கு என்னய்யா வழி?"

"அதான் வைத்தியசாலை இருக்கே! உங்களுக்கு இலவசம்!"

பாவம், இளகிய மனசு. "பிள்ளைங்க நல்லா இருந்தாச் சரி" என்று தேனப்பன் பற்றவைத்தது. காலையில் கடை, மாலையில் வைத்தியசாலை என்று ஆனது அதன் பிழைப்பு. மரம் ஏறுவதை அடியோடு விட்டுவிட்டது.

புது வருஷம் பிறந்தது. புது மாணவர்கள் வந்தார்கள். பேராசிரியர் ஸ்டைலாகப் புகை விடுவதைப் பார்த்தார்கள். ஆளுக்கொரு கட்டு வாங்கினார்கள்.

"வருமானம் இரட்டிப்பு, சார்! உங்க தியாகம் வீண் போகலை!" என்று துள்ளியது நரி. தேனப்பன் அதை அறைந்திருக்கும்; இருமல் விடவில்லை.

நோயில் வருமானம் பார்க்கிறவர்கள் நோயைக் குணமாக விடமாட்டார்கள்.