செங்கதிரின் செருப்பு

“சாமி, ஜெயிச்சுட்டோம்!”

ஓடி வந்த மூச்சு அடங்கும் முன்பே நாகலிங்கம் சொன்னார். தலை முழுக்க நரைத்த பின்னும் மடத்துச் சாமிக்குச் சீடர் அவர்.

“எதுல ஜெயிச்சோம்?”

“செங்கதிர் வரார் சாமி. நெற்றி நிறையத் திருநீறு!”



கடவுள் இல்லை என்று மார்தட்டிக்கொண்ட ஊர் அது. அப்போதெல்லாம் மடத்துக்கு ஒரு காக்காய் வராது. வந்த ஒரே ஆள் செங்கதிர். அதுவும் தினமும் சண்டை போட! செருப்பைக் கழற்ற மாட்டார், அதனால் வாசலைத் தாண்ட மாட்டார். சாமிதான் தம் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போவார். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல் இரண்டு பேரும் கத்துவார்கள். பார்க்கப் பார்க்க நாகலிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது ஊரே தலைகீழாக மாறிவிட்டது. தெருவுக்குத் தெரு மைக்செட், வீட்டுக்கு வீடு கொடி. மடத்தில் நிற்க இடமில்லை. திருவிழாக் கமிட்டிக்குத் தலைவர் நம் நாகலிங்கம். செங்கதிர் மட்டும் மாறவில்லை, நேற்று வரை.

செங்கதிர் வந்தார். செருப்பை வாசலில் கழற்றினார். உள்ளே வந்து சாமியின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

“நம்பிக்கை வந்துடுச்சாய்யா?”

“மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன் சாமி.”

“அதுக்கு?”

“சாமி கும்பிடாதவன் வீட்டு விசேஷத்துக்கு யாரும் போகக் கூடாதுன்னு கமிட்டியில சொல்லிட்டாங்க.”

 ஆளைத் திருத்தத்தானே சொன்னோம் என்று நாகலிங்கம் தன்னையே தேற்றிக்கொண்டார்.

சாமி எழுந்து வாசலுக்குப் போனார். செங்கதிரின் செருப்பைத் தம் கையால் எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார். கூட்டம் பதறிப்போனது.

“போட்டுக்கய்யா. பெஞ்சுக்குப் போவோம். கடவுள் இல்லைன்னு நேத்து விட்ட இடத்துலேர்ந்து சொல்லு.”

செங்கதிர் செருப்பைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். 

“இருக்கார் சாமி.”

சொல்லிவிட்டு, வெறுங்காலோடு விறுவிறுவென்று போய்விட்டார்.

செருப்பைத் தூக்கிக்கொண்டு நாகலிங்கம் பின்னாலேயே ஓடினார். “செங்கதிர்! யோவ், நில்லுய்யா!” அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

நாகலிங்கம் செருப்போடு திரும்பி வந்தபோது சாமி வாசல் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு டீ.

நாகலிங்கத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “தப்புப் பண்ணிட்டேன் சாமி.”

“அது கிடக்கட்டும். தினமும் என்கிட்ட ஒருத்தன் வருவானே நாகலிங்கம், அவன் எங்கே?”