தூங்க வைத்த பாட்டுக்குத் தோல்வி

கருவேங்கைக் காட்டின் நடுவே ஒரு பெரிய குளம். குளக்கரையில் வழவழப்பான ஒரு பாறை. மழைக்காலம் முடிந்து குளம் நிரம்பியதும், விலங்குகளும் பறவைகளும் அந்தப் பாறையில் கலைவிழா நடத்தும். பாடத் தெரிந்தவை பாடும், கதை சொல்லத் தெரிந்தவை கதை சொல்லும். எது சிறந்தது என்று முடிவு சொல்ல ஒரு நடுவர் இருக்கும்.

அந்த ஆண்டு நடுவராக உட்கார்ந்தது உறுமன் என்ற கரடி. உறுமனுக்குக் கலை என்றால் உயிர். விழாவுக்கு முதல் ஆளாக வரும், கடைசி ஆளாக எழுந்து போகும். ஆனால் அதற்குப் பிடித்தது வீரப்பாட்டு ஒன்றுதான். தாளம் அதிர வேண்டும். உடம்பு முடியெல்லாம் குத்திட்டு நிற்க வேண்டும். கால் தானாக எழுந்து தரையை மிதிக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் அது கலை, மற்றதெல்லாம் வெட்டி வேலை என்று உறுமன் மனதார நம்பியது.

முதலில் பாறையில் ஏறியது செம்பூ என்ற கொண்டைக்குருவி. அது ஒரு தாலாட்டுப் பாடியது. மெல்லிய குரல், ஆடி ஆடி வருகிற மெட்டு. தாளம் எப்போது சூடு பிடிக்கும் என்று உறுமன் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. இரண்டாம் அடி முடிவதற்குள் அதன் தலை தொங்கிவிட்டது. பாட்டு முடிந்தபோது குளக்கரையில் கேட்டதெல்லாம் நடுவரின் குறட்டைதான். பக்கத்திலிருந்த குரங்கு தோளைத் தட்டி எழுப்பியது.

“கேட்கிறவனைத் தூங்க வைக்கிறதெல்லாம் ஒரு பாட்டா?” என்றது உறுமன், கொட்டாவியை அடக்கிக்கொண்டு. செம்பூ பாறையைவிட்டு இறங்கியது.

அடுத்து, நழுவன் என்ற கீரி ஒரு பேய்க்கதை சொன்னது. பாழுங்கிணற்றுக்குள் இருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிற கதை. கேட்கக் கேட்க உறுமன் மூன்று முறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டது. ஆனால் கதை முடிந்ததும், வீரம் ஊட்ட வேண்டிய இடத்தில் பயமுறுத்துவது பெரிய தப்பு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. பிறகு தாவன் என்ற அந்தக் குரங்கு, யானையைப் பெண் பார்க்கப் போன நண்டின் கதையைச் சொன்னது. குளக்கரையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. உறுமன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, நண்டு யானையைக் கட்டிக்கொள்வது நடக்கிற காரியமா என்று கேட்டது.

கடைசியாகத் தட்டாரன் என்ற மரங்கொத்தி வந்தது. பட்டுப்போன மரத்தில் அலகால் தாளம் கொட்டி ஒரு போர்ப்பாட்டை முழக்கியது. உறுமனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து பாறையைச் சுற்றி ஆடித் தீர்த்தது. முதல் பரிசு தட்டாரனுக்கே என்றது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆடிய உற்சாகத்தில், “இனிமேல் இந்தக் காட்டில் நல்லதோ கெட்டதோ, எது நடந்தாலும் இந்தப் பாட்டு மட்டும்தான்” என்றும் அறிவித்துவிட்டது.

நடுவரின் பேச்சை மீறுகிற பழக்கம் அந்தக் காட்டில் இல்லை. மான் வீட்டுக் கல்யாணத்தில் போர்ப்பாட்டு முழங்கியது. மணப்பெண் மிரண்டு ஓட, தேடிப் பிடித்து வரச் சாயங்காலம் ஆகிவிட்டது. கொக்கு ஒன்று இறந்துபோனபோதும் அதே பாட்டுதான். அழ வந்தவை அழ முடியாமல், தாளத்துக்குக் காலை மாற்றி மாற்றி வைத்துவிட்டுத் திரும்பிப் போயின. இவை எதையும் உறுமன் கவனிக்கவில்லை. எங்கே பார்த்தாலும் நல்ல கலை ஒலிக்கிறது என்று மகிழ்ந்துபோயிருந்தது. செம்பூ மட்டும் ஆற்றுக்கு அக்கரையில் ஓர் இலந்தைப் புதருக்குக் குடிபோய்விட்டது.

அப்போதுதான் உறுமனின் மனைவி கருமேனி இரண்டு குட்டிகளை ஈன்றது. குட்டிகள் கொழுகொழுவென்று அழகாகத்தான் இருந்தன. ஆனால் கண் திறந்த நாளிலிருந்து ஒரே அழுகை. பால் கொடுத்தாலும் அழுதன, முதுகில் ஏற்றிச் சுமந்தாலும் அழுதன. மூன்று நாளாகக் குகையில் யாருக்கும் தூக்கம் இல்லை. கருமேனியின் கண்கள் சிவந்து உள்ளே போய்விட்டன. குட்டிகளும் அழுது அழுது துவண்டு, பால் குடிப்பதைக்கூடக் குறைத்துவிட்டன.

உறுமன் ஓடிப்போய்த் தட்டாரனைக் கூட்டி வந்தது. தட்டாரன் குகை வாசலில் இருந்த மரத்தில் முழு மூச்சாகக் கொட்டியது. குட்டிகள் குகையே கிழிகிற மாதிரி அலறின. கருமேனி எழுந்து வாசலுக்கு வந்தது.

“அந்த மரங்கொத்தி இன்னொரு தட்டுத் தட்டினால், அதோடு சேர்ந்து நீங்களும் வெளியே இருக்க வேண்டியதுதான்” என்றது கணவனிடம். “போய் அக்கரையிலிருந்து செம்பூவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.”

உறுமன் தயங்கியது. ஊர் பார்க்கத் தோற்கடித்த குருவியிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது? ஆனால் உள்ளே சின்னக் குட்டியின் அழுகை ஈனமான முனகலாகக் குறைந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் உறுமன் யோசிக்கவில்லை. நேரே போய் ஆற்றில் இறங்கி நீந்தியது.

செம்பூ இலந்தைப் பழம் கொத்திக்கொண்டிருந்தது. உறுமன் வந்த காரியத்தைச் சொன்னது.

“என் பாட்டைக் கேட்டால் தூக்கம் வருகிறது என்றுதானே அன்றைக்குக் குறை சொன்னீர்கள்?” என்று கேட்டது செம்பூ.

உறுமன் உடம்பெல்லாம் நீர் சொட்ட நின்றது. “அது குறையே இல்லை, செம்பூ. தூங்க வைப்பதுதான் தாலாட்டின் வேலை. நடுவரையே தூங்க வைத்தாய். அன்றைக்கு உன் பாட்டு ஜெயித்துவிட்டது. அது தெரியாத முட்டாள் நான்தான்.”

செம்பூ கொத்திக்கொண்டிருந்த பழத்தைக் கீழே போட்டது. பிறகு, குட்டிகள் தூங்கி எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டது. மூன்று நாள் என்றதும், உறுமனின் தலைமேல் பறந்து வந்து உட்கார்ந்தது. “அப்புறம் இங்கே நின்று என்ன பேச்சு? நடங்கள்.”

குகைக்குள் செம்பூ பாடத் தொடங்கியது. குட்டிகளின் விசும்பல் தேய்ந்து தேய்ந்து நின்றது. அவற்றை அணைத்தபடியே கருமேனியும் கண்ணயர்ந்தது. உறுமன் மட்டும் தன் காதைத் தானே கிள்ளிக்கொண்டு விழித்திருந்தது. இந்த முறை முழுப் பாட்டையும் கேட்டுவிட வேண்டும் என்று அதற்கு ஆசை. ஒவ்வொரு அடியும் முந்தின அடியைவிட ஒரு சுருதி தாழ்ந்திருந்தது. அடிகளுக்கு நடுவில் விட்ட இடைவெளி, குழந்தை மூச்சு விடுகிற நேரத்துக்குச் சரியாக இருந்தது. இவ்வளவு நுட்பமா இதில் என்று உறுமன் வாயடைத்துப்போனது.

மறுநாள் காலையில் உறுமன் எல்லோரையும் குளக்கரைக்கு அழைத்தது. பாறையில் ஏறி, தான் சொன்ன தீர்ப்பு தவறு என்றும், போட்ட உத்தரவு அதைவிடப் பெரிய தவறு என்றும் ஒப்புக்கொண்டது. தன் பேய்க்கதை எப்படி என்று நழுவன் மெதுவாகக் கேட்டது. அந்தக் கதையைக் கேட்டதிலிருந்து கிணற்றுப் பக்கம் தனியாகப் போனதே இல்லை, வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தது என்றது உறுமன். நழுவன் பெருமையில் இரண்டு காலில் எழுந்து நின்றது. அலகு தேய்ந்துபோயிருந்த தட்டாரனுக்கும் அப்பாடா என்று இருந்தது.

அடுத்த ஆண்டும் எல்லாமாகச் சேர்ந்து உறுமனையே நடுவராக உட்கார வைத்தன. ஒவ்வொன்றும் பாறையில் ஏறும்போது உறுமன் ஒரே ஒரு கேள்வி கேட்டது: “எங்களை என்ன செய்ய வந்திருக்கிறாய்?” அழ வைக்க என்று ஒன்று சொன்னது. ஆட வைக்க என்று இன்னொன்று சொன்னது. அந்தந்த மனதோடு உறுமன் கேட்டது.

தாவனின் முறை வந்தது. “எனக்கே தெரியவில்லை” என்றது தாவன். “சிரிப்பாகத்தான் ஆரம்பிக்கிறது.”

பறக்கக் கற்றுக்கொள்ள மரம் ஏறிய ஒரு தவளையின் கதை அது. தவளை விழுந்த ஒவ்வொரு முறையும் எல்லாம் உருண்டு புரண்டு சிரித்தன. முடிவில்தான், தெற்கே பறந்துபோய்விட்ட தன் தோழி தகைவிலான் குருவியை ஒரே ஒரு முறை பார்க்கத்தான் அது அத்தனை பாடுபட்டது என்று தெரிந்தது. குளக்கரை அடங்கிப்போனது. உறுமன் சிரித்த வாயை மூடவும் மறந்து, புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டது.

தீர்ப்புக்காக எல்லாம் உறுமனின் முகத்தைப் பார்த்தன.

“இது எந்த வகை என்று எனக்குத் தெரியவில்லை, தாவா” என்றது உறுமன். “தெரிகிறவரைக்கும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்.”

ஒரு கலை நமக்கு என்ன செய்ய வந்திருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே அதன் நிறைகுறையைச் சொல்ல வேண்டும்.