கரடியண்ணன் சொன்ன 'விட்டுட்டேன்'

மூங்கிலேரிக் காட்டில் சைக்கிள் ஓட்டத் தெரிந்த பிராணிகள் எல்லாருக்கும் ஒரே கோச்தான். அவர் கரடியண்ணன்.

மற்ற காடுகளில் சைக்கிள் கற்றுக்கொடுப்பவர்கள் ஒரு பொய் சொல்வார்கள். காரியரைப் பிடித்தபடி பின்னால் ஓடுவார்கள். "பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன், தைரியமா மிதி" என்பார்கள். சொல்லும்போதே கையை எடுத்திருப்பார்கள். ஓட்டுகிறவர் திரும்பிப் பார்த்தால் பின்னால் ஆள் இருக்காது. அப்புறம் என்ன, முட்டி பேர்ந்ததுதான் மிச்சம்.

கரடியண்ணன் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. முதலில் "விடட்டுமா?" என்று கேட்பார். சரி என்றால்தான் விடுவார். விட்டதும் "விட்டுட்டேன்" என்று ஏரியின் அக்கரை வரைக்கும் கேட்கும்படி கத்துவார்.

செவத்தி என்கிற கீரிப்பெண் கற்றுக்கொண்ட நாட்களை நினைத்தால் அவருக்கு இன்றும் சிரிப்பு வரும். அவளுக்குச் சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டாள். "எங்க சாதிசனத்துல யாரும் இப்படிக் கோணலா ஓட்டினதில்ல. இதுக்கு எதுக்கு எங்க பேரு?" என்று பஞ்சர் கடைக் குரங்கு அவளைப் பார்க்கும்போதெல்லாம் முறைத்தது.

ஏரிக்கரைப் புங்கமரம் வந்ததும் கரடியண்ணன் கேட்பார்.

"விடட்டுமா?"

"இன்னும் கொஞ்ச தூரம் போகட்டும் அண்ணே."

இப்படியே ஏரியை முழுசாகச் சுற்றிவிடுவார்கள். கரடியண்ணனுக்கு நாக்குத் தள்ளிவிடும். ஆனாலும் எவ்வளவு நல்ல காலம் அது!

அந்தச் செவத்திதான் வளர்ந்து காட்டின் முதல் பந்தயக்காரி ஆனாள். ஆடிப் பெருக்கு தோறும் இக்கரைக்கும் அக்கரைக்கும் இடையே ஏரியைச் சுற்றிச் சைக்கிள் பந்தயம் நடக்கும். முதல் மூன்று வருடம் கோப்பை அவளுக்கே. அடுத்த இரண்டு வருடமும் அக்கரை முயல் ஒரு சக்கர நீளத்தில் முந்திவிட்டது.

"கரடிக்கு முன்னப் போல மூளை ஓடலப்பா. வேற கோச் பார்க்கணும்" என்று காட்டில் பேச்சு கிளம்பியது. அது கரடியண்ணன் காதிலும் விழுந்தது. அன்றிலிருந்து அவருக்குத் தேன் கசந்தது.

இந்த வருடப் பந்தயத்தன்று காலை அவர் செவத்தியின் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். பின் பிரேக் கட்டை லேசாக உரசியது. எவ்வளவு திருகியும் உரசல் போகவில்லை. ஒரு சக்கர நீளம் போவது இதில்தானோ என்று நினைத்தார்.

"கழட்டி எறி. முன் பிரேக் இருக்குல்ல?" என்றது பக்கத்தில் நின்ற பஞ்சர் கடைக் குரங்கு.

"மதகுச் சரிவு இருக்கேப்பா. முன் பிரேக்கை மட்டும் பிடிச்சா வண்டி குப்புறக் கவுத்துடும்."

"அவகிட்ட சொன்னாத்தானே பயப்படுவா? சொல்லாதே."

கரடியண்ணன் சுற்றும்முற்றும் பார்த்தார். பின் பிரேக்கின் இரண்டு கட்டைகளையும் கழற்றி உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

செவத்தி வந்து சைக்கிளில் ஏறினாள். "எல்லாம் பார்த்துட்டீங்களா அண்ணே?"

"பார்த்துட்டேன்... பிடிச்சிருக்கேன், மிதி."

செவத்தி சிரித்தாள். "என்னண்ணே, நீங்களா இப்படிச் சொல்றீங்க?"

அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். அவள் பறந்தாள்.

புங்கமரத்தை அவள் கடக்கும்போதே முயல் நாலு சக்கர நீளம் பின்னால் கிடந்தது. கூட்டம் ஆடிப்பாடியது. கரடியண்ணனுக்குக் கை தட்ட முடியவில்லை, கைக்குள் கட்டைகள் இருந்தன. இன்னும் கொஞ்ச தூரம் போகட்டும் அண்ணே என்ற பழைய குரல் காதுக்குள் கேட்டது. அந்தக் குரலை நம்பவைத்து ஏமாற்றிவிட்டோமே என்று அவருக்கு அழுகை முட்டியது.

அடுத்த நொடி ஏரிக்குள் குதித்தார். குறுக்கே நீந்தினார். மதகு மேட்டில் மூச்சிரைக்க ஏறி நின்றார். செவத்தி மேடு ஏறி வந்துகொண்டிருந்தாள். அதைத் தாண்டினால் சரிவு.

"செவத்தி! விட்டுட்டேன்! பின் பிரேக் இல்ல, இறங்கிடு!"

அந்த வார்த்தையை அவள் எத்தனை தடவை கேட்டவள்! யோசிக்கவே இல்லை. மிதிப்பதை நிறுத்திக் காலை ஊன்றினாள். முன் சக்கரம் சரிவின் விளிம்பில் வந்து நின்றது. முயல் அவளைத் தாண்டிப் போனது. கோப்பையும் அதோடு போனது.

"வாயை மூடிட்டு இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்" என்று குரங்கு தலையில் அடித்துக்கொண்டது.

"இவ விழுந்திருப்பா" என்றார் கரடியண்ணன். கூட்டத்தின் நடுவில் கையை விரித்துக் கட்டைகளைக் காட்டினார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். குரங்கின் பெயரை மட்டும் இழுக்கவில்லை. கழுத்தில் தொங்கிய கோச் விசிலைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

செவத்தி பத்து நாள் அவர் வீட்டுப் பக்கமே வரவில்லை.

பதினோராம் நாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "கட்டையை மாட்டுங்க" என்றாள். மாட்டினார். அவள் பிரேக்கை இரண்டு தடவை பிடித்துப் பார்த்தாள். அவர் செய்த வேலையை அவள் சோதித்துப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கரடியண்ணனுக்கு அது சுருக்கென்று தைத்தது. இருந்தாலும் நியாயம்தானே என்று தலையைக் குனிந்துகொண்டார்.

செவத்தி ஏறி உட்கார்ந்தாள். "காரியரைப் பிடிங்க."

"உனக்கு எதுக்கு இப்போ..."

"பிடிங்கண்ணே."

பிடித்துக்கொண்டு ஓடினார். புங்கமரம் வந்தது. இளைப்பு வாங்கியது. ஆனாலும் கேட்டார்.

"விடட்டுமா?"

செவத்தி திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னும் கொஞ்ச தூரம் போகட்டும் அண்ணே."

பயிற்சி கொடுப்பவரின் முதல் கடமை ஜெயிக்கவைப்பது அல்ல, தன்னை நம்பி ஏறியவரிடம் உண்மையை மறைக்காமல் இருப்பதே.