இருளாயி கரிச்சான் பாடம் எடுத்த காலை

பறவைகள் பேசிக்கொண்டும் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டும் இருந்த அந்தக் காலத்தில், மலைக்காட்டுக்கு ஒரே ஒரு குறை இருந்தது. தவிட்டுக்குருவி பேசினால் மரங்கொத்திக்குப் புரியாது; மரங்கொத்தி பேசினால் கொண்டைக்குருவிக்குப் புரியாது. வல்லூறு வருவதைப் பார்த்து ஒன்று கத்தினால் அதன் இனம் மட்டும் ஒளிந்துகொள்ளும். மற்றவை என்னவோ ஏதோ என்று அண்ணாந்து பார்க்கும். வல்லூறுக்கு அது போதாதா?

எல்லாருக்கும் பொதுவாக ஒரு மொழி வேண்டும் என்று பறவைகள் கூடிப் பேசின. எந்த மொழி? இதிலென்ன சந்தேகம், மயில் மொழிதான். தோகை வைத்திருப்பவர் பேச்சுக்குத்தானே மதிப்பு! குஞ்சுகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்கள் வேண்டுமே. அதற்காக மயிலார் ஒரு பயிற்சி வகுப்பைத் தொடங்கினார்.

அதில் சேர்ந்தவள்தான் இருளாயி என்கிற கரிச்சான். போன கோடையில், பக்கத்துக் கிளைத் தவிட்டுக்குருவிக் குஞ்சை அவள் கண்ணெதிரே வல்லூறு தூக்கிக்கொண்டு போயிற்று. தொண்டை கிழியக் கத்தினாள். அந்தக் குஞ்சோ அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அதை நினைத்தால் அவளுக்கு இன்றும் இரை இறங்காது. இன்னொரு குஞ்சு அப்படிப் போகக் கூடாது, அதற்கு எப்படியாவது ஆசிரியை ஆகிவிட வேண்டும் என்று வெறியோடு படித்தாள்.

ஆனால் அவளிடம் ஒரு கோளாறு. வகுப்பு முடிந்ததும் மற்றவர்கள் இரை தேடப் பறப்பார்கள். இவள் யாராவது ஒருவர் கூட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவாள். தாய் எந்த இடத்தில் குரலை ஏற்றுகிறது, எந்த ஒலி தொண்டையில் பிறக்கிறது, எது அலகு நுனியில் பிறக்கிறது என்று கேட்டுக் கேட்டு, தனியாக முனகிப் பார்ப்பாள்.

"ஏன்டி, நீ டீச்சருக்குப் படிக்கிறியா, ஒட்டுக்கேக்கப் படிக்கிறியா?" என்றாள் கூடப் படித்த மைனா சொர்ணம்.

"புதுப் பேச்சு சொல்லிக்கொடுக்கணும்னா, அதுங்க வீட்டுல என்ன பேசுதுங்கன்னு தெரிய வேணாமா?"

விஷயம் மயிலார் காதுக்கு எட்டியது. "வகுப்பில் வீட்டுப் பேச்சு ஒரு சொல் வரட்டும். அன்றோடு நீ ஆசிரியை இல்லை" என்றார் கறாராக.

தேர்வு நாள் காலையில், காட்டின் நடுவே விழுந்து கிடந்த ஒரு மரத்தின்மேல் பதினைந்து குஞ்சுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கடைசியில் இருளாயியின் மகள் மைனி. எதிரே பாறைமேல் மயிலார். பாடம் ஒரே வாக்கியம்தான்: "வல்லூறு வருகிறது, ஒளிந்துகொள்!" இருளாயி மயில் மொழியில் சொன்னாள். குஞ்சுகள் திருப்பிச் சொல்லின. மயிலார் தலையசைத்தார்.

அப்போதுதான், அவருக்குப் பின்னாலிருந்த மருதமரத்துக்கு மேலே இருளாயி அதைப் பார்த்தாள். நிஜ வல்லூறு.

"வல்லூறு வருகிறது, ஒளிந்துகொள்!" என்று அலறினாள், மயில் மொழியில்தான்.

"வல்லூறு வருகிறது, ஒளிந்துகொள்!" என்று பதினைந்து குஞ்சுகளும் ஒரே குரலில் அலறின. ஒன்றுகூட நகரவில்லை.

அவள் இன்னொரு தடவை கத்தினாள். அவை இன்னும் உரக்கக் கத்தின. ஒரு மரங்கொத்திக் குஞ்சு பாராட்டுக்காகக் கழுத்தை நீட்டியது. "ஆகா, என்ன உச்சரிப்பு!" என்று மயிலார் கண்ணை மூடிக்கொண்டார். இருளாயிக்கு உறைத்தது. இவை பாடம் படிக்கின்றன. பாடம் என்றால் திருப்பிச் சொல்வது என்றுதானே இவளும் சேர்ந்து பழக்கியிருக்கிறாள்!

ஒரு நொடி மயிலாரைப் பார்த்தாள். பிறகு தவிட்டுக்குருவித் தாயின் குரலில் கத்தினாள்.

தவிட்டுக்குருவிக் குஞ்சுகள் பொத்தென்று புதருக்குள் விழுந்தன. "நிறுத்து!" என்று மயிலார் கண்ணைத் திறந்தார். அவள் நிறுத்தவில்லை. மரங்கொத்தித் தாயின் குரலில் கத்தினாள். அந்தக் குஞ்சுகள் மரத்துக்கு அடியில் மறைந்தன. கொண்டைக்குருவியின் குரலில் கத்தினாள், அவையும் போயின. தன் சொந்தப் பேச்சில் மகளைக் கூப்பிட அலகைத் திறந்தபோது, வல்லூறு மைனியின் தலைக்குமேல் இருந்தது.

கூப்பிட நேரமில்லை. இருளாயி நேராக அதன் கண்ணைப் பார்த்துப் பாய்ந்தாள். வல்லூறு நிலைகுலைந்து, மைனியை விட்டுவிட்டு இருளாயியின் வாலைப் பற்றியது. அவள் உயிரைக் கொடுத்து இழுத்தாள். நகத்தில் கொத்தாகச் சிக்கிய இறகுகளோடு வல்லூறு மேலே போய்விட்டது. வாலில் மிஞ்சியவை இரண்டு மொட்டைக் காம்புகளும், அவற்றின் நுனியில் துடுப்புப் போலத் துளி இறகும்தான்.

பாறைக்குப் பின்னாலிருந்து மயிலார் தோகையில் தூசி தட்டிக்கொண்டு வந்தார். "குஞ்சுகள் பிழைத்ததில் மகிழ்ச்சி. ஆனால் விதி விதிதான். நீ தேறவில்லை."

இருளாயி அழுதேவிட்டாள். அதற்குள் தவிட்டுக்குருவித் தாய் ஓடி வந்து, தன் பேச்சிலேயே கேட்டது: "நாளைக்குப் புள்ளைங்கள எங்க அனுப்பட்டும், டீச்சர்?"

இருளாயி அதே பேச்சில் பதில் சொன்னாள். "நான் இரை தேடப் போற பக்கம் அனுப்புங்கக்கா. நீங்களும் வாங்க."

துடுப்புவால் கரிச்சானின் தொண்டையில் காட்டுப் பறவைகளின் குரலெல்லாம் குடியிருப்பதும், பல இனப் பறவைகள் அதன் கூடவே இரை தேடிப் போவதும், வல்லூறைக் கண்டால் அது அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் பேச்சில் முதலில் கத்துவதும் அன்றைக்குத் தொடங்கியதுதான்.